கழுகை விழுத்திய அரசி

அன்பு மகன் நிருஜனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் தங்கச்சியும் நல்ல சுகம், ஓக்லன்ட் குளிரில் நீ இருமலில்லாமல் இருக்கிறாயா என்பதை முதலில் எழுது. இங்கே சுகம் என்பது போதாத சொல், இரண்டு கிழமையாக எங்கள் வீட்டில் ஒருவருடைய காலும் நிலத்தில் படவில்லை. நேற்று நான் தேத்தண்ணிக்கு உப்புப் போட்டேன், அப்பா அதைக் குடித்துவிட்டு நல்லாயிருக்கு என்றார். உன் தங்கச்சி சுஜானி இந்த ஊருக்கு அரசியாகிவிட்டாள். போனில் பாதி சொல்லும்போதே நீ சிரித்து, சிரிப்புக்கு இடையில் கேள்வி கேட்டு என்னைக் குழப்பிவிட்டாய், அதனால்தான் தொடக்கத்திலிருந்து எழுதுகிறேன், குறுக்கே பேசாமல் வாசி.

இந்த வெள்ளைக்கார ஊர்த் துப்பாக்கிச் சங்கத்தின் கோடைத் திருவிழா உனக்கு மறந்திருக்காது. மரத்தில் செய்த கழுகை உயர்ந்த கம்பத்தில் பூட்டிவிட்டு ஒருவர் பின் ஒருவராகச் சுடுவார்கள், கடைசித் துண்டை விழுத்துகிறவருக்கு ஒரு வருடத்துக்கு முடி, அவர்தான் ஊர் அரசன். சுஜானி பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அங்கே குறிபார்த்துச் சுடப் பழகியவள், என்றாலும் இதுவரை எந்தப் பெண்ணும் கழுகை விழுத்தியதில்லை. இந்த முறை உபதலைவர் புறொக்மன், அதுதான் கூரை வேலைக் கொம்பனி நடத்துகிற பெரிய மீசைக்காரர், தன் மகன் லூக்காஸ்தான் அரசன் என்று தானே முடிவுகட்டி அவனுக்குப் பச்சைக் கோட்டும் தைப்பித்து வைத்திருந்தார். ஒரு சிறகு மட்டும் தொங்கிக்கொண்டிருந்த நேரம் மழை பிடித்தது. லூக்காஸ் சுட்டான், படவில்லை. அடுத்தது சுஜானி. நான் குடைக்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டேன். வெடி கேட்டது, பிறகு திடல் முழுக்கக் கத்தியது. கண்ணைத் திறந்தால் நாலு ஆண்கள் பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்திருக்கிறார்கள். எல்லோரும் முதுகு நோவென்று அவள் வேலைசெய்கிற சிகிச்சை நிலையத்துக்குப் பயிற்சிக்கு வருகிற ஆட்கள், அவர்களுடைய முதுகை நினைத்து அவள்தான் பயந்துபோய் இறக்கிவிடச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாளே அரண்மனைச் சதி தொடங்கிவிட்டது. சிறகு மழையில் ஊறித் தானாக விழுந்தது என்று முதலில் சொன்னார் புறொக்மன். அது எடுபடவில்லை என்றதும் சங்கத்தின் விதியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இது கத்தோலிக்கச் சங்கம், முடி சூடியவர் மாதா கொடிக்குப் பின்னால் நடந்து பூசைக்குப் போகவேண்டும், ஞானஸ்நானம் பெறாதவர் உறுப்பினராக இருக்கலாம், அரசியாக இருக்க முடியாது என்றார். அதோடு விடவில்லை, அரசியோடு ஊர்வலத்தில் நடக்கவேண்டிய பரிவாரச் சோடிகளுக்கெல்லாம் போன் எடுத்திருக்கிறார். ஒருத்தி தன் மாமிக்கு வருத்தம் என்றாள், இன்னொருத்தியின் மாமியும் படுக்கையாம், அந்தக் கிழமை இந்த ஊரில் ஒரு மாமியும் எழும்பி நடக்கவில்லை. எங்கள் ஆட்கள் மட்டும் சும்மா இருப்பார்களா. கோயில் நிர்வாகத்திலிருந்து சிறீதரன் அண்ணை வந்து, “பிள்ளை மாதா கொடிக்குப் பின்னால போனால் நாளைக்கு எங்கட பிள்ளையளுக்கு எப்பிடித் தேவாரம் சொல்லிக்குடுக்கிறது, முடியைத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்கோ அக்கா” என்றார். அவர் போன கையோடு பக்கத்து வீட்டு மரியரட்ணம் அக்கா சுடச்சுட றோல்ஸ் கொண்டுவந்து வைத்துவிட்டு, “கொஞ்சத் தண்ணிதானே புஸ்பம், நெத்தியில ஊத்தினால் அலுவல் முடிஞ்சுது, பிறகு அவ ஆரைக் கும்பிட்டால் என்ன” என்றா. உன் அப்பா இரண்டு பேருக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு றோல்ஸைச் சாப்பிட்டார்.

சுஜானி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். “அம்மா, முடிக்காக மதம் மாறவும் மாட்டன், மதத்தைச் சொன்னதுக்காக முடியைக் கழட்டவும் மாட்டன்” என்றாள். நிமிர்ந்துதான் சொன்னாள், ஆனால் கொஞ்ச நேரத்தில் குசினிக்குள் வந்து என் தோளில் முகத்தை வைத்து அழுதாள் தம்பி. “நான் இந்த ஊரிலதானே பிறந்தனான், இன்னும் எங்க பிறக்கோணும்” என்று கேட்டாள். நான் வந்தவள், என்னை எங்கே இருந்து வந்தாய் என்று கேட்டால் சொல்ல ஒரு ஊர் இருக்கிறது, அவளுக்கு இதை விட்டால் எது. பிறகு அவளே முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒருவருக்கும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கேயோ போனாள். திரும்பி வந்தபோது அந்த முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு இருந்தது.

சங்கக் கூட்டத்தன்று மண்டபத்தில் கதிரை போதவில்லை. குடும்பத்தவர்களையும் பின்னால் இருக்க விட்டார்கள், நான் அப்பாவின் கையை இறுக்கிப் பிடித்ததில் அவருடைய மணிக்கூடு தழும்பு போட்டுவிட்டது. புறொக்மன் நீட்டி முழக்கிப் பேசி முடித்ததும் சுஜானி எழும்பினாள். மழைதான் விழுத்தியது என்றால் இன்னொரு கழுகை ஏற்றுங்கள், வெயிலில் சுட்டுக் காட்டுகிறேன் என்றாள். பூசைக்கு வருவேன், கொடிக்குப் பின்னால் மரியாதையாக நடப்பேன், ஆனால் நான் உங்கள் மதமில்லை, நம்பாமல் ஞானஸ்நானம் எடுத்தால் அது உங்கள் கடவுளிடம் சொல்லுகிற பொய், பொய் சொல்லுகிற அரசிதான் வேண்டுமா என்று கேட்டாள். முன்வரிசையிலிருந்த பாதிரியார் சிரிப்பை இருமலாக மாற்றினார். அதற்குப் பிறகுதான் வேட்டு. அரசிக்குத் தன் பக்கத்தில் நடக்கிற அரசனைத் தெரிவுசெய்யும் உரிமை இருக்கிறது, நான் லூக்காஸ் புறொக்மனைத் தெரிவுசெய்கிறேன் என்றாள். சைக்கிள் போன இடம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. லூக்காஸ் சிவந்துபோய் எழும்பி, அப்பா, எனக்குத் துப்பாக்கிச் சத்தமே பிடிக்காது, ஆனால் இவளோடு நடக்க விருப்பம், கோட்டும் தைத்தாயிற்று என்றான். மண்டபம் கூரை கிழியச் சிரித்தது. இப்போது அவளை இறக்கினால் சொந்த மகனையும் இறக்கவேண்டும் என்பதை உணர்ந்த புறொக்மன் வாயைத் திறந்தார், மூடினார். அரசி எந்த மதத்தவராகவும் இருக்கலாம் என்று விதியை மாற்ற வாக்கெடுத்தபோது முதலில் கையை உயர்த்தியது யார் என்று நினைக்கிறாய், அவருடைய மனைவி. பிறகு மண்டபமெல்லாம் கை. புறொக்மனுடைய கை மீசை வரைக்கும் எழும்பி அங்கேயே நின்றது, எண்ணுகிறவர் அதையும் சேர்த்துக்கொண்டார். நீ உடனே கலியாணம் என்று கற்பனை பண்ணாதே, நானும் பண்ணினேன், கேட்டேன், முறைத்தாள். லூக்காசுக்கு மூன்ஸ்டர் பட்டணத்தில் ஒரு பெண் இருக்கிறாளாம்.

சிறீதரன் அண்ணையிடமும் அவளே போனாள். “மாமா, நான் கும்பிடுறது ஆரை எண்டு எனக்குத் தெரியும். தேவாரம் படிப்பிக்க நான் வரவேண்டாம் எண்டால் அதைப் பிள்ளையளுக்கு நீங்களே சொல்லுங்கோ” என்றாளாம். ஊர்வலத்தன்று அவள் குங்குமச் சிவப்புப் பட்டுச் சேலைக்கு மேல் அரசியின் வெள்ளிச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு, லூக்காஸின் கையைப் பிடித்து, பாண்டு வாத்தியம் முழங்க நடந்து வந்தாள். பூசையிலும் இருந்தாள், எல்லோரும் பாதிரியாரிடம் நற்கருணை அப்பம் வாங்கப் போனபோது கையைக் கட்டிக்கொண்டு தன் இடத்தில் அமைதியாக இருந்தாள், ஒருவரும் குறை சொல்லவில்லை. மாமிமாருக்கெல்லாம் சுகம் வந்து பரிவாரமும் திரும்பி வந்தது, சேர்த்துக்கொண்டாள், ஆனால் முன்வரிசையை மரியரட்ணம் அக்காவுக்குக் கொடுத்தாள், அவ நீலச் சேலையில் மகாராணிக்கே தாய் மாதிரி நடந்தா, எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். தபாற்கந்தோர் வளைவில் தேவார வகுப்புப் பிள்ளைகள் கொடி ஆட்டிக்கொண்டு நிற்கிறார்கள், அவர்களுக்குப் பின்னால் வேட்டியோடு சிறீதரன் அண்ணை. என்னைக் கண்டதும், “பிள்ளையளை ஆரெண்டாலும் கூட்டிக்கொண்டு வரத்தானே வேணும்” என்று வேறு பக்கம் பார்த்தார். அவருடைய கையிலும் ஒரு கொடி இருந்தது.

கடைசிக்கு வருகிறேன். கூடாரத்தில் அரசியும் அரசனும் முதல் நடனம் ஆடி முடிந்ததும் புறொக்மன் நேரே என் மேசைக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் கைப்பையை இறுக்கிப் பிடித்தேன். மனிதர் குனிந்து கையை நீட்டினார். இந்த நாட்டுக்கு வந்த காலத்திலிருந்து நான் ஒருநாளும் ஆடியதில்லை, ஏலாது என்று சொல்ல வாயெடுக்க முதல் உன் அப்பா என்னைக் கதிரையிலிருந்து தள்ளிவிட்டார். இரண்டு சுற்றுச் சுற்றி, இரண்டு தரம் அவருடைய காலை மிதித்த பிறகு, உங்கள் மகள் துப்பாக்கி இல்லாமலும் நன்றாகக் குறிபார்க்கிறாள் என்று மீசைக்குள் சிரித்தார். ஓம், என்னுடைய பிள்ளை என்றேன், தமிழில்தான் வந்தது, அவருக்கு விளங்கிவிட்டது. அப்பா அனுப்புகிற வீடியோவில் பச்சைச் சேலையோடு பம்பரமாகச் சுற்றுகிறவள் நான்தான், உன் கந்தோரில் ஒருவருக்கும் காட்டாதே. இல்லை, காட்டு.

தம்பி, நேரத்துக்குச் சாப்பிடு, கம்பளிச் சட்டையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டாதே, தங்கச்சிக்கு ஒரு வாழ்த்து எழுது. அடுத்த கோடையில் அவள் முடியை இறக்கி வைக்க முதல் லீவு எடுத்துக்கொண்டு வந்து பார். முருகனும் மாதாவும் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், இப்போது எங்கள் வீட்டில் இரண்டு பேரிடமும் சொல்லி வைக்கிறோம்.

உன்னை உச்சி முகரும்
அம்மா புஸ்பவதி