மாரிமுத்து சாகவில்லை, அக்கா

என் கோமதி அக்காவுக்கு,

நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. எழுதுவது உன் வேலை, அச்சானதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை என்று இருந்துவிட்டேன். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் பேப்பர் கட்டைப் பிரித்து ஆட்களிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, உன் பெயர் வந்த பக்கத்தை மட்டும் நின்று படிப்பேன். இன்று எழுதுகிறேன் என்றால், கோபத்தில் எழுதுகிறேன். நீ அத்தனை காலம் உழைத்த அந்தப் பேப்பர் மேல்தான் கோபம்.

ராயகிரி மாரிமுத்துவை உனக்குத் தெரியாது. வளைகுடாவில் லாரி ஓட்டுகிறவன். போன மாதம் அங்கே சண்டை மூண்டது. ஒரு காலையில் நம் பேப்பரின் முதல் பக்கத்தில் அவன் படம். ‘ஏவுகணை வீச்சில் தென்காசி மாவட்ட வாலிபர் பலி.’ கல்யாணத்தில் எடுத்த படம். பக்கத்தில் நின்ற பெண்டாட்டியை வெட்டி எடுத்திருந்தார்கள். அவள் கை மட்டும் அவன் தோளில் மிச்சம் இருந்தது.

அந்தப் பெண் பேச்சியம்மாள் எனக்குப் போன் பண்ணினாள்.

“அண்ணாச்சி, நீங்கதான் பேப்பர் போடுததுன்னு டீக்கடையில நம்பர் தந்தாவ. அவிய செத்துட்டாவன்னு போட்டிருக்கு. உங்களுக்கு யாரு சொன்னா?”

எனக்கு யாருமே சொல்லவில்லை, அக்கா. அதை எப்படி அவளிடம் சொல்ல? “கேட்டுச் சொல்லுதேம்மா” என்றேன்.

யாரிடம் கேட்பது? திருநெல்வேலி ஆபீஸைப் பூட்டிவிட்டார்கள். நம் ஊர் நிருபரைப் போன வருஷமே நிறுத்தியாகிவிட்டது. சென்னை ஆபீஸுக்குப் போன் போட்டேன். ஒருவர் எடுத்தார்.

“எல்லா சேனல்லயும் ஓடுது சார். அதான் நாமளும் போட்டோம்.”

“அங்க யார்கிட்டயாவது கேட்டீங்களா?”

“அங்க நமக்கு யார் சார் இருக்கா?”

“ராயகிரியில கேட்டிருக்கலாம்லா. பஸ் போகுத ஊருதான?”

வைத்துவிட்டார்.

அன்றைக்கு நீ வேறொரு போரை நேரில் பார்த்து எழுதப் போகிறேன் என்றபோது இதே ஆபீஸ் என்ன சொன்னது? பொம்பளைப் பிள்ளை, ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்றது. நீ லீவு போட்டுவிட்டுப் போனாய். மூன்று வாரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, செத்தவர் பெயரை அவர் வீட்டு ஆள் வாயால் கேட்ட பிறகுதான் எழுதினாய். பக்கத்துத் தெருவில் குண்டு விழுந்ததில் உன் இடது காது போயிற்று. திரும்பி வந்தவளை ராசிபலன் பக்கம் திருத்த உட்கார வைத்தார்கள். கடைசியில் ஆட்குறைப்பு என்று போனில் சொன்னார்கள். நீ கேட்காத காதில் போனை வைத்துக்கொண்டு “சரி, சரி” என்றாய். வேண்டுமென்றே செய்தாயா, அக்கா? உன்னிடம் கேட்காமலே விட்டுவிட்டேன்.

அன்றைக்கே சிவகிரி போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து ராயகிரிக்குப் போனேன். வாசலில் பந்தலுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். மாரிமுத்துவின் அம்மா தரையில் கிடந்தாள். பேச்சி மட்டும் அழாமல் போனைப் பிடித்தபடி சுவரோடு உட்கார்ந்திருந்தாள்.

“அவிய போன் ஆஃப்ல இருக்கு. கூட தங்கியிருக்க செல்லத்துரை அண்ணன் நம்பருக்கு லைன் போவ மாட்டேங்கு. தாலியக் கழட்டணும்னு இப்பமே பேசுதாவ, அண்ணாச்சி. நான் மாட்டேன்னுட்டேன்.”

“நீ போட்டுக்கிட்டே இரும்மா” என்றேன். அவள் கை ஓய்ந்தால் நான் போட்டேன். மத்தியானம் மூன்று மணி வாக்கில் அந்தப் பக்கம் மணி அடித்தது. செல்லத்துரை எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டாள்.

“மாரி ஆஸ்பத்திரியில இருக்கான், தங்கச்சி. கை ஒடிஞ்சிருக்கு, போன் நொறுங்கிட்டு. உசுருக்கு ஒண்ணும் இல்ல. செத்தது அவன் லாரியில கூட வந்த நேபாளத்துக்காரன்.”

அப்போதுதான் பேச்சி அழுதாள். யாரோ வெளியே போய் நட்ட கம்பைப் பிடுங்கும் சத்தம் கேட்டது.

அங்கிருந்தே சென்னைக்கு மறுபடி பேசினேன். நாளைக்குத் திருத்தம் போடுங்கள் என்றேன். “வெப்சைட்ல எடுத்துட்டோம் சார். பேப்பர்ல திருத்தம் போட்டா நம்ம பேர்தான் கெடும்” என்றார் அதே ஆள். மாரிமுத்துவைச் சாகடிக்க முதல் பக்கம் இருந்தது. உயிரோடு இருக்கிறான் என்று சொல்ல மூலையில் ஒரு வரி இல்லை.

ஜவுளிக்கடை நோட்டீஸை மடித்து உள்ளே வைத்துக் கொடுப்போமே, அதேபோல நானும் ஒரு துண்டு நோட்டீஸ் அடித்தேன். ‘ராயகிரி மாரிமுத்து உயிரோடு இருக்கிறார். நாம் கொடுத்த செய்தி தவறு. விசாரிக்காமல் போட்டுவிட்டோம். மன்னிக்கவும்.’ கீழே என் பெயர். மறுநாள் சங்கரன்கோவிலுக்கும் சிவகிரிக்கும் ராயகிரிக்கும் போன ஒவ்வொரு பேப்பருக்குள்ளும் அது இருந்தது.

அந்த வாரமே என் ஏஜென்சியை ரத்து செய்தார்கள். எடுத்து நடத்த வேறு ஆள் கிடைக்கவில்லை. இப்போது நம் ஊருக்கு அந்தப் பேப்பர் வருவதே இல்லை. ஏன் வரவில்லை என்று ஒரு ஆள் கேட்கவில்லை, அக்கா. ஏஜென்சி போனதைவிட அதுதான் எரிகிறது. ஒரு பெயரைச் சரிபார்க்க நீ காதைக் கொடுத்தாய். அது யாருக்காக?

செத்தவன் பெயர் எந்தப் பேப்பரிலும் வரவில்லை, எந்தச் சேனலிலும் வரவில்லை. செல்லத்துரையிடம் கேட்டேன். “தாப்பா, தாப்பான்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம். முழுப் பேரு தெரியல” என்றான். அந்தத் தாப்பாவுக்கும் எங்கேயோ ஒரு பேச்சி போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் இல்லையா?

மாரிமுத்து அடுத்த வாரம் வருகிறான். அவனை அழைத்துவரப் பேச்சியோடு நானும் மதுரை ஏர்போர்ட்டுக்குப் போகிறேன். அவன் ஆறுதலாக உட்கார்ந்த பிறகு கேட்பேன். அந்த மனுஷன் பெயர் என்ன, எந்த ஊர், வீட்டில் யார் யார் என்று கேட்பேன். வீட்டு ஆளைத் தேடிப் பிடித்து அவர்கள் வாயாலும் கேட்பேன். அதன் பிறகு எழுதுவேன். என் வாழ்க்கையில் நான் எழுதப்போகிற முதல் செய்தி அது. எந்தப் பேப்பர் போடும் என்று தெரியாது. யாரும் போடாவிட்டால் பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டுவேன், அக்கா.

உன் கூடப் பிறந்த தம்பி,
சங்கரநாராயணன்