வாஷிங் மெஷின் சிம்மாசனம்

அன்பு மகனுக்கு, அப்பா எழுதுவது. இங்கே மூன்று பேரும் சௌக்கியம், வாஷிங் மெஷினுக்குத்தான் உடம்பு சரியில்லை. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இரண்டு வருடம் எழுதாதவன் இப்போது ஏன் எழுதுகிறான் என்று யோசிப்பாய், சொல்கிறேன்.

உன் தங்கச்சியை வரலாற்றுப் பாடத்துக்காகப் பத்து நிமிடப் படம் எடுத்து வரச் சொன்னார்கள், சிரிப்பாக இருக்கலாம் ஆனால் வரலாறு மாறக்கூடாது என்பது டீச்சரின் நிபந்தனை. மகனை நாடு கடத்திய ஒரு அரசனின் கதையை எடுத்துக்கொண்டாள். தொப்பையை முன்னிட்டு அரசன் வேடம் எனக்கு. கழித்துப்போட்ட ஃபிரிட்ஜின் செப்புக் குழாயை வளைத்துக் கிரீடம், வாஷிங் மெஷின்மேல் போர்வை விரித்துச் சிம்மாசனம். உள்ளே துணி ஓடிக்கொண்டிருப்பதை உன் அம்மா யாரிடமும் சொல்லவில்லை. பிறகு கேட்டதற்கு, "உங்க ராஜ்ஜியத்துக்காக என் துணி ஊறிக்கிட்டே கிடக்கணுமா" என்றாள். ஊரார் மெஷினையெல்லாம் ஆடாமல் நிற்கவைக்கும் மெக்கானிக் நான், நடுக்காட்சியில் கிரீடத்தோடு கிடுகிடுவென்று ஆடினேன். ராஜா கோபத்தில் நடுங்குகிறார், அப்படியே இருங்கப்பா என்று உன் தங்கச்சி உத்தரவு.

இளவரசன் உன் மாமா. உடுப்பு எதுவும் சேராமல், நீ விட்டுப்போன மழைக்கோட்டை மாட்டிக்கொண்டார். "போ, இனி இந்த வாசற்படி ஏறாதே" என்பது என் வசனம். ஒர்க்‌ஷாப் வேண்டாம் என்று நீ கிளம்பிய அன்று நான் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். உன் தங்கச்சி தெரிந்துதான் எழுதினாளா என்று நான் கேட்கவில்லை. அந்தக் கோட்டு வாசல் பக்கம் திரும்பியதும் எனக்கு வசனம் வரவில்லை. "சாப்பிட்டுட்டுப் போப்பா" என்று வந்துவிட்டது. மாமாவும் உடனே திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார், அவருக்குப் பசி. அதை வெட்டாமல் அப்படியே கொடுத்துவிட்டாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்ததாம். டீச்சர் மட்டும் ஐந்து மதிப்பெண் குறைத்து, அரசன் இப்படிச் சொல்லவில்லை என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். அவர் எழுதியது சரிதான். சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

நல்லபடியாக இரு, வேலையில் நல்ல பேர் எடு, ஒரு குறையும் உனக்கு வரக்கூடாது. லீவு கிடைக்கும் தேதியை அம்மாவிடம் சொல்வதோடு விடாமல் எனக்கும் எழுது. மாமா அந்தக் கோட்டைக் கேட்கிறார், நான் கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா