உன் குரல் மேல் நான் போட்ட வயலின்

என் ஆசை மாமாவுக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே. பள்ளிக்கூடத்தில் நீயும் என்னைப்போல கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவன்தான்.

நீ போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை கரையான்சாவடி வீட்டு மாடியில் பந்தல் போட்டுப் படையல் வைத்தோம். இப்போதெல்லாம் தெருவில் எல்லாரும் செய்கிறார்களே, அதுபோல உன்னையும் பெரிய திரையில் காட்ட ஆசைப்பட்டேன். உன் பேத்தி காதுகுத்தில் என் செல்போனில் எடுத்த வீடியோவைப் பூந்தமல்லி ஸ்டுடியோவில் கொடுத்தேன். "பேச்சு சத்தம் இருக்கட்டுமா?" என்று ஸ்டுடியோக்காரர் கேட்டார்.

"இன்னாத்துக்கு தலைவா? ஒரே கூச்சலா கீது. அத்த எடுத்துட்டு, பாக்கிறவன் கரையற மாதிரி வயலினைப் போடு" என்றேன்.

எனக்கா சினிமா தெரியாது? அம்பத்தூரில் நாம் பேய்ப் படம் பார்க்கும்போது, உன்னைக் கட்டிய என் அக்கா கண்ணை மூடிக்கொள்வாள். நீ அவள் கையை எடுத்துக் காதில் வைப்பாய். "கண்ண ஏன் மூடறே? காதைப் பொத்து. பேய் சும்மா படி ஏறிகினு கீது, பாரு." அக்கா சிரித்துவிடுவாள். "பயப்படத்தானே மாமே காசு குட்த்தோம்" என்று நான் உன்னைக் கிண்டல் பண்ணுவேன்.

ஞாயிற்றுக்கிழமை திரையில் நீ பிரியாணி அண்டா பக்கத்தில் நின்று, என்னைப் பார்த்துக் கரண்டியை ஆட்டி ஏதோ சொல்கிறாய். மெதுவாக ஓடவிட்டிருந்தார்கள். வயலின் ஏறியது. "போய்ட்டு வரேன்னு சொல்றாரு பாரு" என்று பக்கத்து வீட்டு அம்மா விசும்பினார். அவ்வளவுதான், நானும் உடைந்துபோனேன். உன்னைத் தூக்கிய அன்று எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. பாடை கட்டுகிறவர்களிடம்கூட நக்கல் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

அக்கா அழவில்லை. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். படம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டாள்.

"டேய் மூர்த்தி, அவரு இன்னா சொல்றாரு?"

"ஞாபகம் இல்லக்கா. சத்தத்தை எடுக்க சொல்ட்டேன்."

"ஒரு வருசமா அந்தக் குரலைக் கேக்கலடா நானு. அத்தப் போயி எடுத்துட்டியே."

நல்லவேளை, போனில் அசல் அப்படியே இருந்தது. அவள் காதோரம் வைத்து ஓடவிட்டேன். நீ கத்தினாய்:

"டேய் மூர்த்தி! செல்போன உள்ள வெச்சிட்டு எலையைப் போடுடா! ஜனம் பசில காத்துகினு கீது, இவரு படம் புடிக்கிறாரு!"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "இன்னொரு வாட்டி போடு" என்றாள். அப்புறம் இன்னொரு வாட்டி. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

உன் பேச்சைக் கூச்சல் என்று சொல்லிவிட்டேனே, மாமா. ஊரை அழவைக்கும் ஆசையில், என் அக்காவுக்கு வேண்டியிருந்த ஒன்றையே துடைத்துவிட்டேன். இலை போடச் சொல்லி நீ திட்டியதற்கா நான் அப்படி அழுதேன்? அந்த அழுகை உனக்கா, வயலினுக்கா?

ஸ்டுடியோக்காரரிடம் சொல்லிவிட்டேன். வயலின் போய்விடும். நீ கத்துவது, அண்டாவில் கரண்டி இடிப்பது, எல்லாம் அப்படியே இருக்கும். வருகிற ஞாயிறு அக்கா பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகப் பார்ப்பேன். அழுகை வந்தால் அது உனக்கு. வராவிட்டாலும் எழுந்து போகமாட்டேன்.

இப்படிக்கு,
உன்னிடம் திட்டு வாங்கிய மச்சினன்,
மூர்த்தி