மணிக்கு 2.4 கிலோ

மார்ச் 3, திங்கள்

என் நாற்காலியின் இடது சக்கரத்தில் மறுபடியும் யாரோ கை வைத்திருக்கிறார்கள். மூன்றாவது முறை. தேதியோடு குறித்துக்கொண்டேன்.

பிற்பகலில் மேலாளர் கூப்பிட்டார். போன வருடம் வரை இந்த நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் என் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து என் பேனாவைக் கடன் வாங்கிய பெண். இப்போது நான் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போகிறேன். திரையில் என் எக்செல் ஷீட். தண்ணீருக்கு எவ்வளவு குளோரின் விட வேண்டும் என்று சொல்லும் ஷீட். பதினொரு வருடத்துக்கு முன்பு நான் தனியாக உட்கார்ந்து செய்தது.

"சார், இந்த ஃபார்முலாவுல நாலால பெருக்கியிருக்கீங்களே, அந்த நாலு எங்கேருந்து வந்துச்சு?"

"என் தலையிலேருந்து."

"அத ஷீட்லயும் ஒரு ஓரமா எழுதி வைக்கலாமே. நீங்க இல்லாத அன்னிக்கு உங்க தலைய நாங்க எங்க போய்த் தேடுறது?"

தினம் அளந்து தட்டுகிற எண்கள் ஒரு ஷீட்டில் இருக்க வேண்டுமாம். மாறாத எண்கள் இன்னொன்றில். ஃபார்முலாக்கள் மூன்றாவதில், பூட்டுப் போட்டு. என் ஷீட்டுக்குப் பூட்டு. 'சரி' என்றேன். செய்வதாகச் சொல்லவில்லை, 'சரி' என்றுதான் சொன்னேன்.

மார்ச் 4

ஷீட்டைப் பிரிக்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

ஆய்வகத்திலிருந்து போன். குழாய் வரிசையின் கடைசித் தெருவில் எடுத்த தண்ணீரில் குளோரின் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். குறைந்தது 0.2 இருக்க வேண்டும்.

திங்கட்கிழமை முதல் மூன்றாவது பம்பும் ஓடுகிறது. மணிக்கு 600 கன மீட்டராக இருந்த ஓட்டம் 900 ஆகிவிட்டது. கன மீட்டருக்கு நாலு கிராம் வீதம், 900-ஐ நாலால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் மணிக்கு 3.6 கிலோ குளோரின். ஷீட் 2.4 என்றே சொல்லியிருக்கிறது. ஆபரேட்டரும் இயந்திரத்தில் 2.4 வைத்திருக்கிறார். நான்கு நாள்.

உடனே 3.6-க்கு ஏற்றச் சொன்னேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம்.

பிறகு அந்தக் கட்டத்தைச் சொடுக்கிப் பார்த்தேன். உள்ளே ஃபார்முலா இல்லை. வெறும் 2.4. யாரோ என் ஃபார்முலாவின் மேலேயே எண்ணைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஓட்டம் ஆறு லட்சம் என்று போட்டாலும் அது 2.4 என்றுதான் சொல்லும். தினமும் நேற்றைய கோப்பை நகலெடுத்துத்தான் இன்றைய கோப்பு, அந்த 2.4-உம் நாள் தவறாமல் நகலாகி வந்திருக்கிறது.

யாரோ என்ன யாரோ? மீசைதான்.

மீசை காலை ஷிஃப்ட் ஆபரேட்டர். ஓட்டமானியில் ஓட்டத்தின் அளவைப் பார்த்து ஷீட்டில் தட்டுவது அவர். நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு பிரிவு உபசாரத்தில் நான் நடக்கிற மாதிரி நடந்து காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நன்றாகவே நடந்து காட்டினார், அதுதான் பிரச்சினை.

மார்ச் 7

அறிக்கை கொடுத்தேன். இரண்டு பக்கம். 'ஷிஃப்ட் ஊழியரின் கவனக்குறைவு' என்ற தொடர் மூன்று இடங்களில் வருகிறது. ஒரு பிழையும் இல்லை.

மார்ச் 10, திங்கள்

மேலாளர் அறையில் விசாரணை. மீசை உட்காரவில்லை.

"நான் நம்பர் தட்டுற எடம் ஒண்ணே ஒண்ணுதான் மேடம். மத்த கட்டத்தத் தொட்டதே இல்ல. தொட்டா சார் கத்துவாரு."

"நான் கத்துறவனா?"

"இல்ல சார். கத்தமாட்டீங்க. எழுதி வச்சுக்குவீங்க. அதுக்கு கத்தினாலே தேவல."

மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான், தெரியும்.

மீசை ஒப்பந்த ஊழியர். மாத முடிவில் ஒப்பந்தம் முடிகிறது. விசாரணை அவருக்கு எதிராக முடிந்தால் புதுப்பிக்க மாட்டார்கள். பதினாறு வருடம் வேலை பார்த்தவர். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

மார்ச் 12

மேலாளருக்கு என் அறிக்கை போதவில்லை.

"எந்தத் தேதி, எந்த ஷிஃப்ட்னு வேணும் சார். தேதி இல்லாம ஒரு ஆள வெளியே அனுப்ப முடியாது."

தேதிதானே? நாளை எடுத்துத் தருகிறேன் என்றேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன்.

மார்ச் 14, வெள்ளி

நாளை என்றது இரண்டு நாளாகிவிட்டது. ஓட்டம் எப்போதும் 600-ஆகவே இருந்ததால் விடையும் எப்போதும் 2.4. வெளியே பார்த்தால் எது ஃபார்முலா, எது கையால் தட்டியது என்றே தெரியாது. ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, கட்டத்தைச் சொடுக்கி, பின்னோக்கிப் போனேன். இருநூற்று நாற்பது கோப்புகள். போன வருடம் ஜூலை 10 வரை ஃபார்முலா இருக்கிறது. ஜூலை 11-இலிருந்து எண்.

ஜூலை 11 கோப்பு கடைசியாகச் சேமிக்கப்பட்ட நேரம் பிற்பகல் 3.50. மீசையின் ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடிந்துவிடும்.

அன்று பிற்பகல் யார் இருந்தார்கள்? நான் எழுதி வைத்திருப்பேன். நான் எழுதாத நாள் கிடையாது.

மார்ச் 15, சனி

போன வருட நோட்டை எடுத்தேன். ஜூலை 11. மூன்றரைப் பக்கம். எனக்கு வர வேண்டிய மேலாளர் பதவி அவளுக்குப் போன நாள். யார் யார் கைகுலுக்கினார்கள், யார் கேக்கை இரண்டு தரம் வாங்கித் தின்றார்கள், என் கண்ணைப் பார்க்காமல் போனவர் யார் — எல்லாம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தின் அடியில், இடம் போதாமல் சாய்த்து எழுதிய ஒரு வரி:

'ஓட்டமானி பழுது, 0 காட்டுகிறது. குளோரின் கட்டத்தில் 2.4 கையால் தட்டினேன். நாளை எடுத்துவிட வேண்டும்.'

என் கையெழுத்து.

ஜூலை 12 பக்கத்தையும் பார்த்தேன். கேக்கைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

நோட்டு மேஜையிலேயே இருந்தது. மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"நீங்க எழுதுறது டைரியா, குற்றப்பத்திரிகையா? ஊர்ல இருக்குற எல்லார் பேரும் வருது. ஒரு நாளாவது உங்க பேரு வந்திருக்கா?"

"வந்திருக்கு. ஜூலை பதினொண்ணு."

சொன்னேன். கேட்டாள். தலையணை உறை மூன்று மடித்தாள்.

"நாளைக்குப் போய்ச் சொல்லிடுங்க."

"சொன்னா அவ சிரிப்பா."

"சிரிக்கட்டுமே. சும்மாவா சிரிக்கப்போறா, விஷயம் இருக்குல்ல. அந்த மனுஷனுக்கு வேலை போச்சுன்னா அவர் வீட்ல யாரு சிரிப்பா?"

நோட்டை மூடினேன். கல்யாணமான நாளிலிருந்து இவளுக்கு இப்படிக் கேள்வி கேட்கிற கெட்ட வழக்கம் உண்டு.

மார்ச் 17

சொல்லவில்லை. மேலாளருக்குக் கூட்டம்.

மார்ச் 18

சொல்லவில்லை. கூட்டம் இல்லை.

மார்ச் 19, புதன்

மீசை என் மேஜைக்கு வந்தார். ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்தார்.

"உங்களுதுதான் சார். போன வருஷம் அவசரத்துக்கு எடுத்தேன். போறப்ப அடுத்தவங்க பொருள் கையில இருக்கக் கூடாது பாருங்க."

அதை ஆய்வக உதவியாளர் திருடியதாக எழுதி வைத்திருக்கிறேன். அவரோடு பத்து மாதமாகப் பேசுவதில்லை.

"அப்புறம், உங்க நாற்காலி சக்கரம். கழண்டு விழுந்துக்கிட்டே இருந்துச்சு. மூணு தரம் முடுக்கி வச்சேன். இனிமே நீங்களே பாத்துக்கணும். அப்படியே சாஞ்சீங்கன்னா இடுப்பு போயிரும்."

நடந்து போனார். என் நடை இல்லை, அவருடைய நடை.

மூணு தரம். மூன்று தேதியும் என்னிடம் இருக்கிறது. கை வைத்தது உண்மை. சதி என்று சேர்த்தது யார்? நான்தான். வேறு யார்? என்ன ஜென்மம்டா நீ.

மார்ச் 20

நகல் இயந்திரத்தில் ஜூலை 11-ன் கடைசிப் பக்கத்தை வைத்தேன். அடி வரி மட்டும் தெரியும்படி, மீதியை வெள்ளைத் தாளால் மறைத்தேன். தாள் நழுவி இரண்டு தரம் முழுப் பக்கமும் வந்துவிட்டது. கிழித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

மேலாளர் படித்தார். இரண்டு முறை.

"மேல என்ன சார், வெள்ளையா இருக்கு?"

"அது பதிவு இல்ல. என் அபிப்பிராயம்."

"என்னப் பத்தியா?"

"மூணரைப் பக்கம்."

தாளை மேஜையில் வைத்தார்.

"கேக் நல்லா இல்லன்னு எழுதியிருக்கீங்களா?"

"எழுதியிருக்கேன்."

"அது சரிதான். எனக்கும் பிடிக்கல."

சிரிக்கவில்லை. பழைய அறிக்கையை நான் எழுத்தில் திரும்பப் பெற வேண்டும் என்றார். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். நான்கு வரி. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும் என்றார். பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். அவருடைய பேனா.

மார்ச் 24, திங்கள்

எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஒரு எழுத்துப்பிழை. சுட்டிக்காட்டவில்லை.

ஷீட்டைப் பிரித்தேன். மூன்று ஷீட். ஃபார்முலா ஷீட்டின் கடவுச்சொல் மேலாளரிடம். இனி நானும் தினசரி எண்களுக்கான மஞ்சள் கட்டத்தில் மட்டும்தான் தட்ட முடியும். ஓட்டமானி பழுதானால் அதைக் குறிக்கவும் ஒரு மஞ்சள் கட்டம் வைத்தேன்.

மாறாத எண்கள் ஷீட்டில் நாலை எழுதும்போது பக்கத்தில் காரணம் எழுத வேண்டியிருந்தது. தேடினேன். பழைய ஆய்வக அறிக்கை ஒன்றில் இருக்கிறது. என் தலையிலிருந்து வரவில்லை.

இந்த நோட்டிலும் இன்று முதல் அபிப்பிராயங்கள் பின்பக்கத்திலிருந்து. முன்பக்கத்தில் நடந்தது மட்டும். முதல் நாளே பின்பக்கம் இரண்டு நிறைந்துவிட்டது.

ஏப்ரல் 1

மீசைக்கு ஒப்பந்தம் புதுப்பித்தாயிற்று.

ஏப்ரல் 9, புதன்

காலை 7.00. ஓட்டம் 900. குளோரின் மணிக்கு 3.6. கடைசித் தெருவில் 0.25.

7.20. மீசை வந்தார். "சக்கரம் எப்படி சார்?" "ஆடுது." குனிந்து முடுக்கினார். ஸ்க்ரூ டிரைவர் நான் எடுத்துக் கொடுத்தேன்.

11.00. ஆய்வக உதவியாளரிடம் மணி கேட்டேன். சொன்னார். என் கையில் கடிகாரம் இருப்பதையும் பார்த்தார்.

பின்பக்கம்: இன்று எதுவும் இல்லை.