பிராக் நகரில் மூன்று பூ

மே 18, ஞாயிறு

கல்லறைக்குப் போனேன். போன வாரம் என் வீட்டுக்காரர் ஆர்விட்ஸுக்கு வைத்த ஐந்து கார்னேஷனில் நான்குதான் இருந்தன. காற்றா? வாராவாரம் ஒரே ஒரு பூவை மட்டும் எடுத்துப் போகிற காற்று எது?

ஜூன் 5

பஸ் கிளம்பிவிட்டது. பிராக் பார்க்கவேண்டுமென்று அவர்தான் ஆசையாக இரண்டு சீட்டு வாங்கினார். ஜனவரியில் கண்ணை மூடிவிட்டார். அவர் இடத்தில் இப்போது அவருடைய அக்கா ஸென்டா. மடியில் அவித்த முட்டையும் கறுப்பு ரொட்டியும். "வெளிய தின்னா வயித்துக்கு ஆகாதுடி, மிர்ட்ஸா." எங்கள் ஊர் குல்டிகாவில் ஏறியதிலிருந்து பஸ் முழுக்க முட்டை நாற்றம்.

ஜூன் 7

பிராக் ஹோட்டலில் ராத்திரி முழுக்க ஸென்டாவின் குறட்டை. பக்கத்து அறைக்காரன் சுவரைத் தட்டினான்.

ஜூன் 8, ஞாயிறு

கடைசி நாள். திரும்பும் பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது.

காலையிலிருந்து நடை, நடை. ஸென்டாவுக்குக் கோட்டை வேண்டாமாம், ஏற்றமாம். பெரிய கடிகாரத்தில் பொம்மைகள் வந்து போனதும் "அம்புட்டுதானா?" என்று உரக்கக் கேட்டாள். வரைபடத்தை என்னிடம் தரவே இல்லை. வழி தப்பி, அதே பச்சைக் கதவு, மறுபடியும், மறுபடியும். கழிப்பறை வாசலில் ஒரு சண்டை. "ஒண்ணுக்குப் போறதுக்கும் காசா? எங்க ஊர்ல மரத்தடி சும்மா!"

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவர் பார்க்க ஆசைப்பட்ட பாலத்தில் நின்று, அவருக்காக ஆற்றில் பூப்போட வேண்டும். அதற்குள் இருட்டிவிடுமோ என்று பயம்.

பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு வயதான பூக்காரி. எங்களைப் போல அவளுக்கும் ரஷ்ய மொழி கொஞ்சம் தெரிந்தது. மூன்று பூ கேட்டேன். ஸென்டா குறுக்கே வந்தாள்.

"மூணா? உயிரோட இருக்கிறவங்களுக்குத்தான்டி ஒத்தைப்படை. செத்தவனுக்கு ரெட்டைப்படை. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீ வைக்கிறதப் பார்த்து ஊரே சிரிக்குது."

அப்போதுதான் உறைத்தது.

"கல்லறையில பூவை எடுக்கிறது நீங்கதானா, அண்ணி?"

"நான்தான். என் தம்பி செத்ததே தெரியாத மாதிரி நீ வச்சுட்டுப் போவ, நான் பார்த்துக்கிட்டிருக்கணுமா?"

கத்தினேன். நடுத்தெருவில். என் புருஷன், என் பூ, எத்தனை வச்சா உங்களுக்கென்ன! முட்டைக்கும் சேர்த்துக் கத்தினேன்.

பூக்காரி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "பிறந்தநாளுக்கா, கல்லறைக்கா?"



கத்தல் அடங்கியதும் ஸென்டாவிடம் கேட்டேன். "எடுத்த பூவையெல்லாம் என்ன பண்ணீங்க?"

"தூக்கிப்போட மனசு வரல. அடுப்படி ஜன்னல்ல, ஒரு தம்ளர்ல வச்சிருப்பேன். காலையில காபி குடிக்கிறப்ப அதுகிட்டதான் பேசுவேன்." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் பூக்காரியிடம், "மூணே குடும்மா. பிறந்தநாளுக்குத்தான்."

ஆற்றில் போட்டோம். இரண்டு போய்விட்டன. ஒன்று பாலத்தின் காலில் ஒட்டிக்கொண்டு நகரவே இல்லை.

"அவன்தான். போன இடத்துல உக்காந்துக்குவான்" என்றாள்.

சிரித்துவிட்டேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு!

பசிக்கிறது. முட்டை மிச்சமிருக்கிறதா என்று கேட்கவேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

சந்தையில் ஐந்து வாங்கினேன். நான்கை அவருக்கு வைத்தேன். எண்ணி, ஒவ்வொன்றாக வைத்தேன்.

மிச்சம் ஒன்றை ஸென்டா வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஜன்னலில் தம்ளர் காலியாக இருந்தது.

"தண்ணி ஊத்துங்க, அண்ணி."