கிரீம் கலர் சீட்டு

ஜூலை 3, வியாழன்

காலைல வெயில், பதினொரு மணிக்கு மழை. கார்ல இன்னும் மிச்சம்:
– இடது கதவு கைப்பிடி (கலகெதரயில இதே மாதிரி ஒரு பழைய மொரிஸ் மைனர ஒடைக்கிறாங்களாம், போன் பண்ணணும்)
– வைப்பர் ரப்பர்
– ஹோர்ன். அழுத்தினா இருமுது.

டைனமோவக் கழட்டிட்டு அல்டர்னேட்டர் மாட்டியாச்சி, புது பெட்டரியும் வச்சாச்சி. இனி தள்ளிவிட ஆள் தேடத் தேவையில்ல. அப்பாவுக்கு இஷ்டமில்ல. "சத்தம் மாறிப்போச்சி"ங்கிறாரு. எங்க மாறிச்சி? அதே பொடபொட. சந்து முழுக்கக் கேக்கும்.

பல்லேகலயில இருந்து சீட்டு தைக்கிற குஷன் பாஸ் வந்து பின் சீட்ட உரிச்சாரு. உள்ள பெரிய பழுப்புக் கறை. "ரத்தமா?"ன்னு கேட்டாரு. அப்பா சிரிச்சிட்டு, "அது மேல்வீட்டு றிஸ்வான் பொறந்த நாள்"ன்னாரு. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் தாங்கலயாம் றி.யோட உம்மாவுக்கு. முந்தி இந்தச் சந்துக்கே கார் இது ஒண்ணுதான். சாவி கதவுப் பக்கத்து ஆணியில தொங்கும். யாரு வந்து கேட்டாலும் அப்பா சட்டைய மாட்டிக்கிட்டே எறங்கிருவாரு. இப்ப கண் தெரியல, ஓட்டுறது நான். சாவியும் என் அலுமாரியில.

பாஸ் மூக்கச் சுளிச்சிக்கிட்டு பழைய ரெக்சின சுருட்டி எடுத்துட்டுப் போனாரு. நானும்தான் சுளிச்சேன்.

ஜூலை 5, சனி

சீட்டு வந்திருச்சி. கிரீம் கலர், ஓரத்துல சிவப்புப் பைப்பிங். மூணு வருஷமா இந்தக் காரோட மல்லுக்கட்டினதுக்கு இன்னைக்குத்தான் கண்ணு நெறஞ்சிச்சி. செருப்பக் கழட்டி வச்சிட்டு ஏறி ஒக்காந்து பாத்தேன். அப்பா ஏறப் போனாரு. "வேட்டியெல்லாம் அழுக்கு, நாளைக்கிப் பாப்போம்"னேன். சரின்னு திரும்பிப் போயிட்டாரு.

ஜூலை 6, ஞாயிறு

காலைல ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓடவிட்டேன். ஒரே தடவையில எடுத்திச்சி.

பின்னேரம் மூணு மணி, கொட்டுற மழை. எழுதக் கை வரல. எழுதித் தொலைக்கிறேன்.

றிஸ்வான் நனைஞ்சி ஓடி வந்தான். "அக்கா, உம்மாவுக்கு காய்ச்சல். கண்ணத் தொறக்குறாங்க இல்ல. மழைக்கு ஒரு த்ரீவீலும் மேல ஏற மாட்டேங்குது. காரக் கொஞ்சம் எடுப்போமா?"

அந்தம்மாவுக்கு சீனி வருத்தம், கால்ல ஆறாத புண். போன வாரம் பாக்கப் போனேன், சீழ் வடிஞ்சிக்கிட்டிருந்திச்சி, கிட்ட நிக்க முடியல. இப்ப அவன் வாசல்ல நிக்கிறப்ப என் மனசுல வந்தது அந்த மனுஷி இல்ல. சீட்டு.

"பெட்டரி செத்துருச்சி தம்பி, தள்ளினாலும் எடுக்காது"ன்னேன். வாய் தானா சொல்லிருச்சின்னு எழுதலாம். இல்ல. யோசிச்சித்தான் சொன்னேன்.

அவன் அப்பா பக்கம் திரும்பினான். அப்பா கதிரையில இருந்தபடியே, "ஆமா தம்பி, நேத்துல இருந்தே எடுக்குதில்ல"ன்னாரு.

யாருக்கும் இல்லைன்னு சொல்லாத மனுஷன். மக மானம் போகக்கூடாதுன்னு அவரும் பொய் சொன்னாரு.

ஜன்னல்ல நின்னு பாத்தேன். உம்மாவ பிளாஸ்டிக் கதிரையில வச்சி றி.யும் அவன் மச்சானும் தூக்கிக்கிட்டு, மெயின் ரோட்டுக்குப் படிக்கட்டால எறங்குறாங்க. றி. பொண்டாட்டி பின்னால குடையோட. எண்பது படிக்கு மேல இருக்கும். அந்தம்மா தல ஒரு பக்கமாச் சாஞ்சி கெடந்திச்சி. கார் மூடுசீலைக்குள்ள நனையாம நின்னுச்சி.

ஜூலை 9, புதன்

மழை. உம்மா இன்னும் வார்ட்ல. ஒரு கால்விரல எடுத்துட்டாங்களாம்.

கடையில ரெண்டு பேர் பேசிக்கிட்டாங்க. "படியால தூக்கிட்டுப் போனாங்களாமே, கார் வீட்டுல கேக்கலயா?" "பெட்டரி இல்லையாம், பாவம்." பாவம்னு சொன்னது என்னைய. காலைச் சாப்பாட்டுக்கு பாண் வாங்கப் போனவ, வாங்காமலே வந்துட்டேன்.

அன்னைக்குப் பிந்தினதாலதான் விரல் போச்சோ. யார்கிட்ட கேக்குறது? கேட்டா ஏன்னு கேப்பாங்க.

அப்பா அந்தக் கதையவே எடுக்கல. சாப்பிட்டியான்னு மட்டும் கேக்குறாரு. நாலு ஏச்சு ஏசினா நல்லாருக்கும். காரு கிட்டயும் போறதில்ல.

ஜூலை 12, சனி

உம்மா வீட்டுக்கு வந்துட்டாங்க. பாக்கப் போகல. போகணும்.

பின்னேரம் றிஸ்வான் வந்தான். "மச்சான்ட கடையில ஒரு பெட்டரி ஈக்குது அக்கா. சார்ஜ் போடக் குடுத்தீக்கிறேன், நாளைக்கி கொணாந்து மாட்டித் தாறேன். ஐயாவும் வயசாளி. அவசரத்துக்கு கார் வேணும்தானே."

வேணாம்னு மூணு தரம் சொன்னேன். "நீங்க சும்மா இரீங்க அக்கா"ன்னுட்டுப் போயிட்டான்.

இப்ப என்னா செய்ய. பொனட்டத் தொறந்தா புது பெட்டரி பல்லக் காட்டிக்கிட்டு இருக்கும்.

ஜூலை 13, ஞாயிறு

காலைல ஆறு மணிக்கு ஸ்பெனர எடுத்துட்டுப் போயி என் காருல இருந்து என் பெட்டரிய நானே திருடினேன். தபால் கந்தோர்ல முப்பது வருஷம் கை சுத்தமா வேல செஞ்சவ. தூக்க முடியாமத் தூக்கிட்டு வந்து குளியலறையில வச்சி, வாளியக் கவுத்து மூடினேன். இடுப்பு புடிச்சிக்கிச்சி.

அப்பா துவாயோட வந்து நின்னாரு. "நான் குளிக்கவா, இல்ல பெட்டரி குளிக்குதா?" ரெண்டு பேருக்கும் சிரிப்பு வரல.

றி. வந்து மாட்டினான். ஒடனே ஸ்டார்ட். அவன் மொகத்துல அப்பிடி ஒரு சந்தோஷம். "பாத்தீங்களா அக்கா, காருக்கு ஒண்டும் இல்ல. பெட்டரி மட்டும்தான்." உள்ள ஏறி ஒக்காருன்னேன். "வேணாம், எண்ணெய்க் கை"ன்னுட்டான். வெளிய நின்னே தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனான்.

செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு உம்மாவ நானே கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டேன். வழியில உண்மையச் சொல்லிரணும். அப்பாகிட்ட சொன்னேன். "என் பொய்யையும் சேத்துச் சொல்லிரு"ன்னாரு.

ஜூலை 15, செவ்வாய்

மழை இல்ல. கிளினிக்குல நம்பர் எடுக்க றி. விடியவே போயிட்டான். அவன் பொண்டாட்டியும் நானும் உம்மாவக் கைத்தாங்கலா கார் வரைக்கும் கொண்டாந்தோம். பிள்ளைகள ஸ்கூலுக்கு அனுப்ப அவ திரும்பிட்டா.

பின் கதவு இல்லாத காரு. முன் சீட்ட மடிச்சி வழி விட்டேன். உம்மா ஏறல. கையில இருந்த பைக்குள்ள இருந்து ஒரு பெரிய பொலித்தீன எடுத்தாங்க. வீட்டுலயே அளவா வெட்டிக் கொண்டாந்தது. என் சீட்டு மேல விரிச்சி, ஓரமெல்லாம் இழுத்துவிட்டு, அதுக்கு மேல றி. உடுத்திப் பழசான ஒரு சாரம்.

"வேணாம் உம்மா. வேணவே வேணாம்."

"ஈக்கட்டும் மகள்."

பொறகுதான் ஏறி, கால நீட்டிக்கிட்டாங்க.

மெயின் ரோடு வரைக்கும் எப்பிடி ஆரம்பிக்கிறதுன்னு மனசுக்குள்ள ஓட்டிப் பாத்துக்கிட்டே வந்தேன். உம்மா முந்திக்கிட்டாங்க.

"அண்டைக்கி காலைல இந்தக் கார்ட சத்தம் எனக்கு கேட்டிச்சி மகள். புது சீட்டு, என்ட காலும் இப்பிடி. வெளங்கிச்சி. றிஸ்வான் அப்ப வீட்டுல இல்ல, நானும் அவன்கிட்ட சொல்ல இல்ல. நீங்களும் சொல்ல வேணாம். அவன் ஒங்கள மிச்சம் பெரிசா நெனச்சிட்டு ஈக்கிறான்."

சரி உம்மான்னு மட்டும் சொன்னேன். மன்னிச்சிருங்கன்னு கூட வரல. வளைவுக்கு வளைவு பின்னால பொலித்தீன் சத்தம்.

திரும்பி வந்து எறங்கினதும் உம்மா பொலித்தீனத் தொடச்சி, நாலா மடிச்சி பைக்குள்ள வச்சாங்க. அடுத்த கிளினிக்குக்கும் வேணுமாம்.