தெரியாத தீபத்தைத் தெரிகிறது என்றவளுக்கு

என் உயிரான அக்கா,

நீ இருந்தவரை உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. அடி அண்ணாமலையில் உன் இட்லிக் கடை, வேங்கிக்காலில் என் ஆபீஸ். ஆட்டோ ஏறினால் வந்துவிடலாம். எழுத என்ன இருந்தது?

இப்போது இருக்கிறது. முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு வந்த அதே சர்க்கரை எனக்கும் வந்து, அதே மாதிரி கண்ணின் விழித்திரைக்கும் போய்விட்டது. போன மாதம் வலது கண்ணில் முதல் லேசர் வைத்தார்கள். நீ உட்கார்ந்த மாதிரியே முகவாயை அந்தத் தாங்கியில் பதித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பச்சை வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடித்தது. பயமாகத்தான் இருந்தது.

முடிந்ததும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். "எங்க அக்காவுக்கு லேசர் வெச்சப்புறம் ரத்த ஓட்டம் கம்மியாயிடுச்சுன்னு ஸ்கேன்ல சொன்னாங்க மேடம். அதனாலதான அவங்க கண்ணு போச்சு? எனக்கும் அப்படி ஆயிடுமா?"

அவர் திருப்பிக் கேட்டார். "உங்க வீட்டுல நெலம் இருக்குதா?"

"இருந்துச்சு மேடம்."

"ஏரித் தண்ணி கடைசி கழனிக்குப் போய்ச் சேரலன்னா இன்னா பண்ணுவாங்க? கண்ட எடத்துல கரையை வெட்டுவாங்க. ஒருநாள் கரை ஒடைஞ்சு நடுவுல இருக்கற நல்ல பயிரும் முழுகிடும். சர்க்கரை வந்த கண்ணும் அப்படித்தாங்க. ஓரத்துக்கு ரத்தம் பத்தல. அது கேட்டுக் கேட்டு, புதுசா நோஞ்சான் ரத்தக்குழாயா மொளைக்குது. அது ஒடைஞ்சா கண்ணுக்குள்ள ரத்தம் கொட்டிடும். லேசர் அந்த ஓரத்துக் கழனியக் கொஞ்சம் தரிசா போட்டுடுது. அப்புறம் தண்ணி கேக்க அங்க ஆள் இல்ல. ஓட்டம் கம்மியாதான் ஆவும். கம்மியானா வேலை செஞ்சிருக்குதுன்னு அர்த்தம்."

வேலை செஞ்சிருக்குது. அக்கா, இந்த ஒரு வார்த்தை அன்றைக்கே எனக்குத் தெரிந்திருந்தால்? தெரியாததுகூடப் பெரிதில்லை. கேட்டிருக்கலாமே, நான் கேட்கவே இல்லையே. மருந்துக் கடை வாசலில் உட்கார்ந்து அழுதேன். கண்ணைக் கசக்கக் கூடாதென்றார்கள், அழக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை.

உன் முதல் லேசருக்குப் பிறகு ஸ்கேன் எடுத்த பெண், அந்த இடத்தில் ரத்த ஓட்டம் முன்னைவிடக் குறைந்திருப்பதாகச் சொன்னாள். டாக்டரிடம் காட்டக் காத்திருக்கவேண்டியிருந்தது. எனக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிட்டதென்று காட்டாமலே கிளம்பிவிட்டோம். நான்தான் எல்லாம் தெரிந்த மேதாவியாயிற்றே! ஆட்டோவிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டேன். "லேசர் உன் கண்ணையே காய வெச்சிடும் போலக்குதுக்கா."

நீயும் கலங்கித்தான் இருந்தாய். "எதிர்ல வர்றவங்க தெரியறாங்கடி. பக்கத்துல நிக்கறவங்கதான் மங்கலா இருக்கறாங்க" என்றாய். கண்புரை எடுத்த மறுநாள் பளிச்சென்று தெரிகிற மாதிரி இதுவும் என்று நினைத்திருந்தோம். லேசர் புதிதாகப் பார்வை தராது, இருப்பதைக் காப்பாற்றும். அதற்குக் கூலியாக ஓரப் பார்வையில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். நமக்கு அது புரியவில்லை.

அடுத்த லேசர் தீபத்துக்கு முந்தின வாரம். "கொடி ஏறினப்புறம் கண்ணுல கை வெக்கலாமாடி? தீபம் பாக்கற கண்ணு" என்றாய். "தீபம் முடிஞ்சு பாத்துக்கலாம்" என்றேன். "நீ படிச்சவ, நீ சொன்னா சரிதான்" என்றாய். இட்லி விற்று என்னைப் படிக்க வைத்ததே நீதானே.

அந்தத் தீபத்தன்று மலையைப் பார்த்துக் கடை வாசலில் நின்றோம். மலைமேல் தீபம் தெரிந்த பிறகுதான் நம் வீட்டு விளக்கு, அதன் பிறகுதான் சாப்பாடு. காலையிலிருந்து இரண்டு பேரும் பட்டினி. மணி ஆறு. தெருவே அரோகரா என்று கத்தியது. நீ கையெடுத்துக் கும்பிட்டாய்.

"தெரியுதாக்கா?"

"தெரியாம இன்னா? ஜெகஜ்ஜோதியா தெரியுது. போயி சாப்புடு போ, நீ பசி தாங்க மாட்ட."

எனக்குத் தெரியவில்லை அக்கா. உச்சியை மேகம் மூடியிருந்தது. கத்தினவர்கள் நேரத்தைப் பார்த்துக் கத்தினார்கள். மேகம் விலகித் தீபம் தெரிய இன்னும் பத்து நிமிஷம் ஆயிற்று. அதற்குள் நீ குச்சியைக் கிழித்து, திரியை விட்டு, வெறும் அகல் விளிம்பில் வைத்துக்கொண்டு நின்றாய். நான் உன் கையைப் பிடித்துத் திரிக்கு நகர்த்தினேன். "ஆமாக்கா, நல்லா தெரியுது" என்று நானும் சொன்னேன். உள்ளே போய்ச் சாப்பிட்டேன்.

மறுநாள் கேட்டபோதுதான், நான்கு நாளாக லேசர் வைத்த கண்ணுக்குள் கறுப்பு மிதக்கிறது என்றாய். ரத்தம் கொட்டி விழித்திரையையே இழுத்துவிட்டிருந்தது. ஏற்கெனவே மங்கியிருந்த மற்ற கண்ணை லேசருக்குக் காட்ட நீ ஒப்பவில்லை. அதுவும் போயிற்று. மூன்று வருஷம் தடவித் தடவி நடந்தாய், பிறகு மாரடைப்பில் போய்விட்டாய்.

"உம்மேல ஒண்ணும் இல்லடி, அந்த லேசர்தான் கெடுத்துச்சு" என்று என்னைத் தேற்றினாயே, அதுதான் தாங்க முடியவில்லை. கடைக்கு வந்த சர்க்கரைக்காரர்களிடமெல்லாம் லேசர் வேண்டாமென்று சொன்னாய். எத்தனை பேர் கேட்டார்களோ. அதனால்தான் இதை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். லேசர் கெடுக்கவில்லை. பாதியில் நிறுத்தச் சொன்ன நான்தான் கெடுத்தேன்.

எனக்கு அடுத்த லேசர் இந்தத் தீபத்துக்கு இரண்டு நாள் முன்னால். கொடி ஏறியிருக்கும். போவேன். டாக்டரைப் பார்க்காமல் எழுந்து வரமாட்டேன். தீபத்தன்று என் மகளோடு உன் கடை வாசலில் நிற்பேன். அவள் கேட்பாள். தெரிந்தால் தெரிகிறது என்பேன். தெரியாவிட்டால், அவள் எவ்வளவு பசியோடு நின்றாலும், தெரியவில்லை என்றே சொல்வேன்.

நீ படிக்க வைத்தும் கேட்கத் தெரியாமல் போன
உன் தங்கச்சி,
செல்வி